வலைப்பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்தால் தாள் அளவு ஏன் மாறி மாறி வருகிறது?

கேள்வி இதுதான்: ஒரே கணினி, ஒரே குரோம் பிரவுசர். பாடக் குறிப்புகள் உள்ள வெவ்வேறு வலைப்பக்கங்களை கன்ட்ரோல்-பி கொடுத்து பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது சில ஏ4 அளவில் வருகின்றன, சில லெட்டர் அளவில், ஒன்றிரண்டு ஏ4-ஐப் போல இரண்டு மடங்கு. தாள் அளவு ஒன்றாக இருக்கும் கோப்புகளில்கூட ஒன்றில் எழுத்து பெரிதாகவும் இன்னொன்றில் பொடியாகவும் இருக்கிறது. எல்லாவற்றையும் இணைத்து ஒரே புத்தகமாக பிரிண்ட் எடுக்க வேண்டும். எப்படிச் சீராக்குவது?

இதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் கலந்திருக்கின்றன. தாளின் அளவே மாறுவது ஒன்று. தாள் அப்படியே இருக்க, அதன்மேல் உள்ள எழுத்தும் படமும் சுருங்கிப்போவது இன்னொன்று. பலரும் இரண்டுக்கும் ஒரே மருந்தாக, பிரிண்ட் பெட்டியில் இருக்கும் 'ஸ்கேல்' சதவீதத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசியில் தொடுங்கள். ஸ்கேலை மாற்றினால் தாள் அளவு மாறாது. அதோடு, குரோம் கடைசியாகக் கொடுத்த சதவீதத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த தளத்துக்கும் அதையே போடும். ஒரு பக்கத்தைச் சரிசெய்யப் போய் அடுத்த பத்துப் பக்கங்களைக் கெடுக்கும் வழி அது.

முதலில் தெரிய வேண்டியது, ஒவ்வொரு கோப்பிலும் தாள் அளவை யார் முடிவு செய்தார்கள் என்பது. அந்த அதிகாரம் மூன்று இடங்களில் இருக்கிறது: வலைப்பக்கத்தின் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் விதிகள்), பிரவுசரின் பிரிண்ட் பெட்டி, பிரிண்டர் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்). ஒவ்வொரு முறையும் இவற்றில் வேறு வேறு இடம் ஜெயிப்பதால்தான் அளவு மாறி மாறி வருகிறது.

அளந்து பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். அடோபி ரீடரில் கோப்பைத் திறந்து கன்ட்ரோல்-டி அழுத்தினால் 'பேஜ் சைஸ்' தெரியும். லினக்ஸில் பாப்ளர் தொகுப்போடு வரும் பிடிஎஃப்இன்ஃபோ கட்டளை, முதல் பக்கம் கடைசிப் பக்கம் எவை என்று சொன்னால் ஒவ்வொரு பக்கத்தின் அளவையும் தனித்தனியாகக் காட்டும். பிடிஎஃப் உலகத்தில் நீளத்தின் அலகு பாயின்ட். ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட். ஏ4 என்பது 210 × 297 மி.மீ., அதாவது ஏறக்குறைய 595 × 842 பாயின்ட். லெட்டர் 8.5 × 11 அங்குலம், 612 × 792. லீகல் 612 × 1008. ஏ3 என்றால் 842 × 1191. இந்த நான்கு ஜோடி எண்களும் மனதில் இருந்தால் கோப்பைப் பார்த்த உடனேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

சில கோப்புகளில் 595 × 842 என்றும் சிலவற்றில் 594.96 × 841.92 என்றும் வரும். இதற்குப் பயப்பட வேண்டாம். ஏ4-இன் உண்மையான அளவு பாயின்ட்டில் முழு எண்ணாக அமைவதில்லை, 595.276 × 841.89 என்று போகும். ஒவ்வொரு மென்பொருளும் அதைத் தன் கணக்குப்படி ஏதாவது ஓரிடத்தில் முழு எண்ணாக்கிக்கொள்கிறது. 594.96 × 841.92 என்பது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 2479 × 3508 புள்ளிகள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் தாளில் தெரியவே தெரியாது. 612 வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

612 × 792 வருவது பெரும்பாலும் மொழி அமைப்பால். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் போன்ற சில நாடுகளில் லெட்டர்தான் வழக்கமான தாள். நம் ஊர் உட்பட மற்ற பெரும்பாலான நாடுகளில் ஏ4. குரோமின் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' வசதி தன் இயல்புத் தாளை, பிரவுசரின் இடைமுக மொழியை வைத்து முடிவு செய்கிறது. இந்தியாவில் விற்கும் கணினிகளில் மிகப் பலவற்றில் மொழி 'இங்கிலீஷ் (யுனைடெட் ஸ்டேட்ஸ்)' என்றே இருக்கும். மதுரையில் உட்கார்ந்திருந்தாலும் குரோமைப் பொறுத்தவரை நீங்கள் அமெரிக்கத் தாள் கேட்பவர். பிரிண்ட் பெட்டியில் 'மோர் செட்டிங்ஸ்' திறந்து, பேப்பர் சைஸில் ஏ4 என்று ஒருமுறை தேர்ந்தெடுத்துச் சேமித்துவிட்டால் குரோம் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நினைவு அந்த புரொஃபைலுக்கு மட்டும்தான். அலுவலக புரொஃபைலில் ஏ4, வீட்டு புரொஃபைலில் லெட்டர் என்று இரண்டும் கலந்து வருவது இப்படித்தான். என்றைக்கோ ஒரு பத்திரத்துக்காக லீகல் தேர்ந்தெடுத்திருந்தால், அதுவும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

அப்புறம், 'டெஸ்டினேஷன்' என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்', 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்று இரண்டு இருக்கும். கேட்க ஒன்று போலத் தோன்றினாலும் வேலை வேறு. முதலாவது குரோமே நேரடியாக பிடிஎஃப் எழுதுவது. இரண்டாவது, விண்டோஸ் 10-உடன் 2015-இல் வந்த ஒரு பிரிண்டர் டிரைவர். நிஜ பிரிண்டர் போலவே அதற்கும் சொந்தமாக ஒரு தாள் பட்டியலும் இயல்பு அளவும் உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத அளவை, உதாரணமாக 80 மி.மீ. அகல ரசீதை, அதனால் தர முடியாது. இன்றைக்கு இதில், நாளைக்கு அதில் என்று சேமித்தால் அளவு ஒத்துப்போகாது. 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' ஒன்றையே எப்போதும் பயன்படுத்துங்கள். லிங்குகள் சொடுக்கக்கூடியவையாகவே நிற்பதும் அதில்தான்.

இனி, அந்த 'இரண்டு மடங்கு' கோப்புகள். இதுதான் பலரைக் குழப்புவது, காரணம் தெரிந்தால் மிக எளிது. சிஎஸ்எஸ்ஸில் 'அட்-பேஜ்' என்று ஒரு விதி உண்டு. திரைக்கு அல்ல, அச்சுத் தாளுக்கான விதி. அதற்குள் 'சைஸ்' என்று எழுதி ஏ4, ஏ3, 'லேண்ட்ஸ்கேப்' அல்லது மில்லிமீட்டர் கணக்கு என்று தளத்தை உருவாக்கியவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அப்படிச் சொல்லியிருந்தால் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' அதற்குக் கீழ்ப்படியும். நீங்கள் தேர்ந்தெடுத்து வைத்த ஏ4 அங்கே செல்லாது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்: பிரிண்ட் பெட்டியில் பேப்பர் சைஸ் என்ற தேர்வே காணாமல் போயிருக்கும். அது காணவில்லை என்றால் தாளை முடிவு செய்தது அந்தத் தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தளக்காரர் ஏ3 கேட்பார் என்று நினைக்கலாம். அவர் கேட்டிருக்க மாட்டார். அவர் பயன்படுத்திய பூட்ஸ்ட்ராப் கேட்டிருக்கும். ஏராளமான தளங்களுக்கு அடித்தளமாக இருக்கும் இந்த சிஎஸ்எஸ் தொகுப்பின் 4-ஆம் பதிப்பு 2018 ஜனவரியில் வெளிவந்தது. அதன் அச்சு விதிகளில் தாள் அளவு ஏ3 என்று எழுதப்பட்டிருக்கிறது. கூடவே, அச்சில் பக்கத்தின் குறைந்தபட்ச அகலம் 992 பிக்சல் என்றும் இருக்கிறது. நோக்கம் நல்லதுதான்: எல்லா பிரவுசரிலும் அச்சு ஏறக்குறைய ஒரே மாதிரி வரவேண்டும், மொபைலுக்கான ஒடுங்கிய அமைப்பு தாளில் வந்துவிடக் கூடாது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். சிஎஸ்எஸ்ஸில் ஓர் அங்குலம் 96 பிக்சல். ஏ4-இன் அகலம் 210 மி.மீ. என்றால் சுமார் 794 பிக்சல். இரு பக்கமும் 1 செ.மீ. ஓரம் விட்டால் மிஞ்சுவது 718. இன்றைய தளங்கள் பல 768 பிக்சலுக்குக் கீழே போனால் மொபைல் அமைப்புக்கு மாறிவிடும். அதனால்தான் திரையில் மூன்று பத்தியாகத் தெரியும் பக்கம் ஏ4 பிடிஎஃப்பில் ஒரே பத்தியாக நீண்டு விழுகிறது. ஏ3-இன் அகலம் 297 மி.மீ.; ஓரம் போக 1047 பிக்சல் கிடைக்கிறது, 992 தாராளமாக அடங்குகிறது. பூட்ஸ்ட்ராப் ஏ3-ஐத் தேர்ந்தெடுத்ததில் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்பை ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்தால் எல்லாம் 71 சதவீதமாகச் சுருங்கும். 12 பாயின்ட் எழுத்து எட்டரை பாயின்ட் ஆகும். தமிழ் எழுத்து எட்டரை பாயின்ட்டில் கண்ணுக்குச் சிரமம். புள்ளியும் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 2021 மே மாதம் வந்த 5-ஆம் பதிப்பில் இந்த அச்சு விதிகளை எடுத்துவிட்டார்கள். ஆனால் 4-இல் கட்டிய தளங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

வாசகராக நீங்கள் செய்யக்கூடியது: தளங்களுக்கு நம் சொந்த சிஎஸ்எஸ்ஸைச் சேர்க்க உதவும் ஸ்டைலஸ் போன்ற ஒரு பிரவுசர் நீட்சியை நிறுவி, அந்தத் தளத்துக்கு மட்டும் அச்சு விதி எழுதலாம். அட்-பேஜ் விதிக்குள் சைஸ் ஏ4 என்று போடுங்கள். அதோடு நிறுத்தினால் போதாது. 992 பிக்சல் அகலம் அப்படியே நின்றால், ஏ4-இன் 718 பிக்சலுக்குள் அதை அடக்க குரோம் 72 சதவீதமாகச் சுருக்கிவிடும். தாள் மட்டும் சரியாகி எழுத்து பொடியாகவே இருக்கும். பாடி (பக்கம் முழுவதும்), கன்டெய்னர் (உள்ளடக்கத்தைத் தாங்கும் பெட்டி) இரண்டுக்கும் 'மின்-விட்த்', அதாவது குறைந்தபட்ச அகலம், பூஜ்யம் என்று, மற்ற விதிகளை மீறச் சொல்லும் 'இம்பார்ட்டன்ட்' சேர்த்து எழுத வேண்டும், ஏனென்றால் மூல விதியிலும் இம்பார்ட்டன்ட் இருக்கிறது. தளம் உங்களுடையது என்றால் இதே மாற்றத்தைத் தளத்தின் சிஎஸ்எஸ்ஸிலேயே செய்துவிடுங்கள். உங்கள் வாசகர்கள் எல்லோருக்கும் பயன்படும்.

பிரவுசர்களுக்கு இடையே வித்தியாசம் வருவதற்கும் இதே விதிதான் காரணம். குரோம் 'சைஸ்' விதியைப் பல வருடங்களாக மதிக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2021 டிசம்பரில் வந்த 95-ஆம் பதிப்பிலிருந்துதான். சஃபாரி 2024 டிசம்பரில் வந்த 18.2-இலிருந்து. எனவே பழைய மேக்கில் ஏ4 ஆக வந்த அதே பக்கம் புதிய மேக்கில் ஏ3 ஆக வரலாம். பக்கத்தை யாரும் தொடவில்லை, சஃபாரி இப்போது அதன் பேச்சைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

ஒரே கோப்புக்குள்ளேயே சில பக்கங்கள் நிமிர்ந்தும் சில பக்கங்கள் படுத்தும் வந்தால், அது பெரும்பாலும் தெரிந்தே செய்தது. அகலமான அட்டவணைக்கு மட்டும் தனிப் பெயர் கொடுத்து லேண்ட்ஸ்கேப் தாள் கேட்கும் வசதி குரோம் 85-லும் ஃபயர்ஃபாக்ஸ் 110-லும் வந்தது. அதை விட்டுவிடுங்கள், அது கோளாறு இல்லை.

இப்போது இரண்டாவது சிக்கல்: தாள் எல்லாவற்றிலும் ஏ4, ஆனால் எழுத்து ஒவ்வொன்றில் ஒவ்வொரு அளவு. இதற்குக் காரணம் பக்கத்தில் எங்கோ ஒளிந்திருக்கும் அகலமான ஒரே ஒரு பொருள். குரோம் அச்சுக்காகப் பக்கத்தை அடுக்கிப் பார்க்கும்போது ஏதாவது ஒன்று தாளின் அகலத்தைத் தாண்டினால், அதை மட்டும் சுருக்குவதில்லை. ஆவணம் முழுவதையும் சுருக்குகிறது. இருபதாம் பக்கத்தில் 1000 பிக்சல் அட்டவணை ஒன்று இருந்தால் முதல் பக்கத்தின் தலைப்பும் 72 சதவீதமாகும். சுருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு; அதையும் தாண்டினால் வலது ஓரம் வெட்டுப்படும். ஸ்கேல் பெட்டியில் 100 என்றே காட்டும் என்பதுதான் ஆளை ஏமாற்றும் இடம். இந்தச் சுருக்கம் அதில் சேராது. ஃபயர்ஃபாக்ஸ் இதைக் கொஞ்சம் வெளிப்படையாக வைத்திருக்கிறது: 'ஃபிட் டு பேஜ் விட்த்', 'ஸ்கேல்' என்று இரண்டு தேர்வுகள். முதலாவதில் இருந்தால் ஒவ்வொரு வலைப்பக்கத்துக்கும் ஒரு சுருக்கம். எல்லாக் கோப்பிலும் எழுத்து ஒரே அளவில் வர வேண்டுமென்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து 100 என்று வையுங்கள். ஏதாவது வெட்டுப்படுகிறதா என்று மட்டும் முன்னோட்டத்தில் பாருங்கள்.

அந்த அகலமான பொருள் எதுவாக இருக்கும்? அட்டவணை, பெரிய படம், வரி உடையாத நிரல் துணுக்கு, உட்பொதித்த வீடியோ சட்டம். தமிழ்ப் பக்கங்களில் இன்னொன்றும் உண்டு, அது ரொம்பப் பேருக்குத் தோன்றாது: வலை முகவரி. முகவரியில் தமிழ் எழுத்து வந்தால் அது சதவீதக் குறியீடாக மாறும். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 எழுத்தாகும். ஆக ஒவ்வொரு குறிக்கும் 9 எழுத்து. மெய், உயிர்மெய்யின் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள் என்பதால் 'தமிழ்நாடு' என்ற ஒரு சொல்லே 9 குறிகள், 81 எழுத்துகள். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைத் தலைப்பு இரண்டு மூன்று சொல்லாக இருந்தால் இருநூறு எழுத்துக்குப் பக்கத்தில் போகும், இடையில் உடைக்க இடமே இல்லாமல். சில தளங்களின் அச்சு விதி ஒவ்வொரு லிங்குக்கும் பின்னால் முகவரியை அடைப்புக்குறிக்குள் அச்சிடும். ஆங்கிலப் பக்கத்தில் தொந்தரவில்லாத அந்த விதி, தமிழ்ப் பக்கத்தில் தாளையே இழுத்து அகலமாக்கி எல்லா எழுத்தையும் பொடியாக்கிவிடும்.

இதற்கும் மருந்து அச்சு விதியில்தான். படம், வீடியோ, அட்டவணைக்கு அதிகபட்ச அகலம் 100 சதவீதம். நிரல் துணுக்குகளுக்கு வரி உடைக்கும் அனுமதி. பக்கம் முழுவதுக்கும் 'ஓவர்ஃப்ளோ-ராப்' என்ற பண்பு 'எனிவேர்'. லிங்குக்குப் பின்னால் முகவரி அச்சிடும் விதியை நீக்கிவிடலாம். கட்டாயம் வேண்டுமென்றால் தமிழ் முகவரிகளுக்கு மட்டுமாவது நீக்குங்கள். இவ்வளவும் செய்தால் எழுத்து தன் உண்மை அளவுக்குத் திரும்பும். தமிழ்ப் பக்கங்களை ஏ4-இல் அச்சிட, உடல் எழுத்து 11 அல்லது 12 பாயின்ட் என்று பாயின்ட்டிலேயே சொல்லிவிடுவது என் கருத்தில் நல்லது. திரைக்கான பிக்சல் கணக்கைத் தாளுக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் சேர்ந்து வருவதையும் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். சான்றிதழ், பில் போன்றவற்றில் உயரம் 297 மி.மீ. என்று கொடுத்திருப்பார்கள், தாள் ஓரத்தைக் கழித்திருக்க மாட்டார்கள். ஓரம் பூஜ்யம் என்று அட்-பேஜ் விதியில் சொல்லி, உயரத்தை ஒரு மில்லிமீட்டர் குறைத்து, கடைசித் துண்டுக்குப் பின் வரும் பக்க முறிவை எடுத்துவிட்டால் போதும்.

நிரல் எழுதி பிடிஎஃப் உருவாக்குபவர்களுக்கு: பிரவுசரை நிரல் வழியாக இயக்கும் பப்பட்டியர், பிளேரைட் இரண்டிலும் அளவு சொல்லாவிட்டால் கிடைப்பது லெட்டர். உங்கள் கணினியின் மொழி, நாடு எதையும் அவை பார்ப்பதில்லை. ஃபார்மட் ஏ4 என்று கொடுங்கள்; அல்லது சிஎஸ்எஸ்ஸில் அளவை எழுதி 'ப்ரிஃபர்-சிஎஸ்எஸ்-பேஜ்-சைஸ்' என்ற தேர்வை உண்மை என்று வையுங்கள். இயல்பில் அது பொய் என்பதால், சிஎஸ்எஸ்ஸில் எழுதியும் தாள் மாறவில்லையே என்று பலர் திண்டாடுகிறார்கள். இரண்டு இடத்திலும் வேறு வேறு அளவு எழுதாதீர்கள். வலைப்பக்கத்தை பிடிஎஃப் ஆக்கும் பழைய கருவியான டபிள்யூகே-எச்டிஎம்எல்-டு-பிடிஎஃப் இன்னும் வைத்திருந்தால் மாறிவிடுவது நல்லது. 2023 ஜனவரியில் அதன் களஞ்சியத்தை மூடி வைத்துவிட்டார்கள். அதன் 'ஸ்மார்ட் ஷ்ரிங்கிங்' வசதி பிக்சலுக்கும் தாளுக்கும் உள்ள விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். உடனே மாற முடியாவிட்டால் அதையாவது அணைத்து வையுங்கள்.

ஐபோனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து 'ஃபுல் பேஜ்' என்று சேமிப்பதும், மேக்கில் சஃபாரியின் 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்'பும் வேறு வகை. அவை பக்கம் முழுவதையும் ஒரே நீளத் தாளாக்கும். திரையில் படிக்க அருமை, பிரிண்டுக்கு உதவாது. அச்சுக்குப் போகும் கோப்புகளை எப்போதும் பிரிண்ட் வழியாகவே எடுங்கள்.

சரி, ஏற்கெனவே சேமித்து வைத்த கலவையை என்ன செய்வது? வெறுமனே இணைக்கும் கருவிகள் ஒவ்வொரு பக்கத்தையும் அதன் பழைய அளவிலேயே ஒட்டும், சீராக்காது. மூலப் பக்கம் இன்னும் வலையில் இருந்தால் மேலே சொன்னபடி மறுபடி சேமிப்பதே சிறந்தது, ஏனென்றால் பொடியான எழுத்தைப் பின்னால் யாராலும் சரியாகப் பெரிதாக்க முடியாது. மூலம் போய்விட்டது என்றால், பிடிஎஃப்பை மறுபடி எழுதித் தரும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கட்டளைக் கருவி இருக்கிறது. வெளியீடு பிடிஎஃப்ரைட், பேப்பர்சைஸ் ஏ4, கூடவே ஃபிக்ஸ்ட்மீடியா, பிடிஎஃப்ஃபிட்பேஜ் என்ற இரண்டு சுவிட்சுகள் கொடுத்தால் எல்லாப் பக்கங்களும் ஏ4-க்குள் வந்துவிடும். லெட்டர் பக்கங்கள் 97 சதவீதமாகச் சுருங்கி, மேலும் கீழுமாகச் சேர்த்து 25 மி.மீ. கூடுதல் வெள்ளை விடும். புத்தகமாகக் கட்டினால் உறுத்தாது. ஏ3 பக்கங்கள் 71 சதவீதம் ஆகும். அவற்றை மட்டுமாவது மறுபடி சேமிக்கப் பாருங்கள். அசல் கோப்புகளை அழிக்காமல் வேறு பெயரில் எழுதுங்கள்.

அப்படி ஏ4 ஆக்கிய கோப்பை ஜெராக்ஸ் கடையில் கொடுக்கும்போது, அடோபி ரீடரில் 'ஃபிட்' வேண்டாம், 'ஆக்சுவல் சைஸ்' வையுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'ஃபிட்' என்று விட்டால், பிரிண்டர் அச்சிட முடியாத ஓரத்தைக் கழித்து இன்னும் சில சதவீதம் சுருக்கிவிடும். கோப்பின் ஓரம் 1 செ.மீ. இருந்தால் ஆக்சுவல் சைஸில் பொதுவாக எதுவும் வெட்டுப்படாது. ஸ்பைரல் போடுவதாக இருந்தால் இடது ஓரத்தை மட்டும் 2 செ.மீ. என்று சேமிக்கும்போதே வைத்துவிடுங்கள். குரோமில் மார்ஜின்ஸ் என்ற இடத்தில் 'கஸ்டம்' எடுத்தால் முன்னோட்டத்தின் மேலேயே கோட்டை இழுத்து நகர்த்தலாம்.